பெயர் சொல்லாமல் செய்த பகிடி

செவ்வாய்

விடாத தூறல். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையவே இல்லை. மார்க்கர் வாங்க வேண்டும், கறுப்பு மட்டும். வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது, கட்டடக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மாலை உயர்தரக் கணக்கீட்டு டியூஷன் வகுப்பு. தேய்மானம். பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். எதிர் மாடிக்குப் புது டியூஷன் மாஸ்டர் வந்ததிலிருந்து ஒரே பயம், பகிடி குறைந்தால் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள் என்று. வகுப்புக்குச் சற்று முன் ஓர் அப்பா எனக்குப் போன் எடுத்திருந்தார். வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டம். அதை அப்படியே நடித்துக் காட்டினேன். முதுகை வளைத்து, ஒரு கையால் வாயைப் பொத்தி:

"கும்புடுறேங்க சேர். புள்ளய ஒரு பத்து நிமிசம் முந்தி விட்டீங்கன்னா தோட்டத்து பஸ்ஸ புடிச்சிரும்ங்க. தப்பா நெனச்சுக்காதீங்க சேர்."

நல்ல சிரிப்பு. யாருடைய அப்பா என்று சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று இத்தனை வருடம் நம்பி வந்திருக்கிறேன்.

வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. யார் எழும்புவது என்று பார்க்க. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மகள் தர்ஷினி எழும்பவில்லை. கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். "போம்மா" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கடைசிவரை இருந்தாள். பஸ் போயிருக்கும்.

புதன்

வெயில். இரண்டு நாள் துணியும் காய்ந்தது.

மனைவி சுமதியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்க அப்பாவும் அப்படித்தானே பேசுவாரு" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம். அந்தக் குரல் எனக்கு அச்சாக வருவது நடிப்பினால் அல்ல. எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோரும் பேசிய பேச்சு. டவுனுக்கு வந்து நான் விட்ட பேச்சு. வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் அதே அப்பா போன்.

"புள்ள நேத்து வேற பஸ்ஸுல வந்து, மெயின் ரோட்டுலருந்து இருட்டுல தனியா நடந்தே வந்துச்சுங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. சேர் மறந்துட்டீங்களோன்னு..."

பாடம் முடியவில்லை என்று பொய் சொன்னேன்.

"பரவாயில்லீங்க சேர். படிப்புதான முக்கியம். சனிக்கெழம நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேங்க."

எனக்கு நன்றி வேறு சொன்னார்.

வியாழன்

மின்சார பில். மார்க்கர் வாங்கியாயிற்று.

இன்று மன்னிப்புக் கேட்பது என்று முடிவு. தனியாகக் கூப்பிடத் தைரியம் இல்லை, அதனால் வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று. "அன்றைக்கு நான் செய்த பகிடி..." என்று தொடங்கினேன். பின் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவன், "சேர், இன்னொருக்கா செஞ்சு காட்டுங்க சேர்." எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் சிரித்துவிட்டேன். என்ன மனிதன் நான்.

தர்ஷினியும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. இன்றும் நேரத்துக்கு எழும்பவில்லை.

சனி

மழை. கூரை இன்னும் ஒழுகுகிறது.

பாடம் பாதியில் வாசலில் ஒருவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் இரண்டு குடை. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டிருந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"கும்புடுறேங்க சேர்."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு வகுப்பு முழுக்க. அவர்களுக்கு அந்தக் குரலைப் பழக்கியது நான்தான். அவரும் சேர்ந்து சிரித்தார், பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து. நான் அதட்டியிருக்க வேண்டும். பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்தேன்.

பக்கத்தில் இருந்த பிள்ளை தர்ஷினியிடம், "ஒங்க அப்பாவா?"

"இல்ல. எங்க தோட்டத்து ஆளு."

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அவர் காதிலும் விழுந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆமாங்க சேர். தோட்டத்து ஆளுதாங்க. அவங்க அப்பாதான் என்னைய அனுப்புனாரு."