சேந்தனின் பெயருக்கு ஒரு கல்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
வைகாசி மாதம்

அன்பு மகள் மயூராவுக்கு,

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதுவே பெரிய காரியம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் முதியோர் இல்லத்துச் சமையல் வேலையை விடமாட்டாளாம், வீட்டில் இருந்தால் யோசனை வரும் என்கிறாள். எங்கள் மாடிக்குக் கீழே பனி முழுவதும் கரைந்து புல் தெரிகிறது, பிள்ளைகள் சைக்கிளோடு இறங்கிவிட்டார்கள். வெலிங்டனில் இனிக் குளிர் தொடங்கும், வெறும் காலோடு வீட்டுக்குள் நடக்காதே, இரவு வேலை முடித்து வந்தால் பாணோடு நிறுத்தாமல் ஒரு பிடி சோறு வைத்துச் சாப்பிடு. நீ தொலைபேசி எடுக்கும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கு எதையும் முழுதாகச் சொல்ல வாய் வருவதில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். துருக்கியில் நடந்ததைப் பற்றி அம்மா உனக்குச் சொன்னதில் பொய் இல்லை மகள், ஆனால் அது பாதிதான். அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு நீ உன் அண்ணி கரோலினாவுக்குக் கோபமாக ஏதோ எழுதியிருக்கிறாய். என்ன எழுதினாய் என்று அவள் எனக்குக் காட்டவில்லை. மயூராவுக்கு என்னை இனிப் பிடிக்காதா மாமா என்று மட்டும்தான் கேட்டாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அந்தாலியா போகலாம் என்று எங்களை அழைத்தது அவள்தான். உன் அண்ணா சேந்தன் ஏரிக்கரையில் ஓடப் போன இடத்தில் விழுந்து செத்துப் போன பிறகு நாங்கள் ஒரு இடமும் போகவில்லை, ஆஸ்பத்திரி, வேலை, வீடு இவ்வளவுதான். அம்மா வரமாட்டேன் என்றுதான் நின்றாள், பேத்தி சாருகா வந்து அப்பம்மா நீங்கள் வராவிட்டால் நான் யாரோடு படுப்பது என்று கேட்டதால் ஒத்துக்கொண்டாள். முதல் நாட்கள் நல்லாகத்தான் போயின. கரோலினா எங்களுக்காக மரக்கறிச் சாப்பாடு தேடி அலைந்தாள், அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். பிறகு ஒரு நாள், தெம்ரே என்ற ஊரில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது, சிறுவயதில் இருந்து அதைப் பார்க்க ஆசை என்றாள். மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற பாதை, இத்தனை வருடம் பஸ் ஓட்டிய நானே முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன், சாரதி ஒரு கையால் தேநீர் குடித்துக்கொண்டு ஓட்டினான். ஊருக்குக் கிட்டப் போனால் இரண்டு பக்கமும் தக்காளி வளர்க்கிற கண்ணாடி வீடுகள், நடுவில் ஒரு பெரிய கூரை, அந்தக் கூரைக்குக் கீழே குழிக்குள் இறங்கினமாதிரி அந்தத் தேவாலயம்.

அது பைசாந்தியர் காலத்தில் கட்டினது. ஆற்று வண்டல் வந்து ஏறி ஏறி ஊர்த் தரை உயர்ந்துவிட்டது, தேவாலயம் கீழே புதைந்து கிடந்ததாம், பிறகு தோண்டி எடுத்திருக்கிறார்கள். இப்போது அது அருங்காட்சியகம், டிக்கெட் வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போக வேண்டும், மணி இல்லை, தூபம் இல்லை. சுவரில் சாமிமாரின் முகங்கள் பாதி அழிந்து, கண் மட்டும் இருக்கிறது, இல்லாவிட்டால் கை மட்டும் இருக்கிறது. நிலத்தில் பல நிறக் கல் பதித்திருக்கிறார்கள், எத்தனை பேர் நடந்தார்களோ, நடுவில் தேய்ந்து வழுக்குகிறது, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் நொர்வேப் பிள்ளைகள் கிறிஸ்மஸ் தாத்தா என்கிறார்களே, அந்தக் கதைக்கு முதல் ஆளான நிக்கோலஸ் என்ற ஆயர் இருந்த இடம் அதுதானாம். போலந்தில் அவருக்கு மார்கழியில் தனி நாள் இருக்கிறது, சின்ன வயதில் தான் சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்துவிட்டுப் படுப்பேன் என்று கரோலினா சாருகாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வலது பக்கத்து ஒடுக்கமான பகுதியில் அவருடைய கல்லறை இருக்கிறது. சலவைக்கல் பெட்டி, பக்கத்தில் பெரிய ஓட்டை. ஆயிரம் வருடத்துக்கு முன் இத்தாலியில் இருந்து வந்த கப்பல்காரர் உடைத்து எலும்புகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். ஆனால் அதற்கு முன்னால் போட்ட கண்ணாடியில் ஆட்கள் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் மயூரா. ரஷ்யாக்காரர்போல, முக்காடு போட்ட பெண்கள், ஒருத்தி ஒரு குழந்தையின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். சாருகா என்னிடம், உள்ளே ஒருவரும் இல்லையே அப்பப்பா, ஏன் அழுகிறார்கள் என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தால் கரோலினாவும் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணாவின் செத்தவீட்டில்கூட அவள் எங்களுக்கு முன்னால் சத்தம்போட்டு அழவில்லை, உனக்குத் தெரியும். அன்றைக்குத் தோள் இரண்டும் குலுங்க அழுதாள். நான் கிட்டப் போய் என்ன பிள்ளை என்று கேட்டேன். அவள் நொர்வேஜிய மொழியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இங்கே ஒன்றும் இல்லை என்று இவர்களுக்குத் தெரியும், மாமா. ஆனாலும் கை வைக்க ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அது இல்லை.”

சாம்பலைக் கடலில் கரைப்பதுதான் எங்கள் வழக்கம் என்று நாங்கள் சொன்னபோது அவள் தலையாட்டினாள், படகில் வந்து நம்மோடு பூவும் போட்டாள். அவர்களுக்குக் கார்த்திகை முதலாம் திகதி, அதுதான் நவம்பர் முதல் நாள், எல்லாரும் மயானத்துக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிற நாளாம். இந்த மூன்று வருடமும் அவள் கடற்கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், காற்றில் திரி நிற்கவில்லை, பிறகு குசினி யன்னலில் ஏற்றி வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில்தான் மற்றதையும் சொன்னாள். குடான்ஸ்கில் அவளுடைய தாய்க்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, பார்க்க வேறு பிள்ளை இல்லை, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தனக்கு வேலை சரிவந்திருக்கிறது, பள்ளிக்கூடம் முடிந்ததும் சாருகாவோடு போகப் போகிறாள். எங்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே ஒழுங்கு செய்தாளாம், ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“என்ரை பிள்ளையைத்தான் பறிகுடுத்தாச்சு, பேத்தியையும் கொண்டு போகட்டும். அவளுக்கென்ன, திரும்பிப் போக ஒரு நாடு இருக்கு.”

கரோலினா முகத்தைத் துடைத்தாள்.

“எனக்கு விளங்கும், மாமி.”

அதைத் தமிழில்தான் சொன்னாள், அண்ணா கதைக்கிறமாதிரியே. அண்ணாவோடு குடும்பம் நடத்தினவளுக்கு விளங்காமல் இருக்குமா, அம்மாவுக்கு அது அந்த நேரம் நினைவில்லை. வழிகாட்டிப் பெண் இன்னும் எதையோ காட்டிக்கொண்டு போனாள், நாங்கள் பின்னால் நடந்தோம், அவ்வளவுதான். திரும்பும்போது சாருகா அம்மாவின் மடியில் படுத்து நித்திரையாகிவிட்டாள், அம்மா அந்த வளைவுப் பாதை முழுவதும் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒஸ்லோ வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வருவது நின்றுவிட்டது. அம்மா சமைத்துவிட்டு மூடி வைப்பாள், பின்னேரம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பாள். அப்போதுதான் அவள் உன்னோடு கதைத்ததும், நீ கரோலினாவுக்கு எழுதியதும்.

நான் பொறுக்க முடியாமல் அம்மா வேலைக்குப் போன ஒரு நாள் தனியாக ரீபான ரயில் எடுத்துக் கரோலினா வீட்டுக்குப் போனேன். வீடு பாதி பெட்டிக்குள் இருந்தது. அண்ணாவின் ஓடுகிற சப்பாத்து மட்டும் வாசலில் அப்படியே இருந்தது, நான் தாண்டித்தான் உள்ளே போனேன். அவள் கோப்பி போட்டுத் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். குடான்ஸ்கில் அவளுடைய தகப்பனின் கல்லறைக் கல்லில் கீழே இடம் இருக்கிறது, அதில் சேந்தனின் பெயரை வெட்டலாமா, நீங்கள் வேண்டாம் என்றால் செய்யமாட்டேன் என்றாள். தமிழில் வெட்ட வேண்டுமாம், கல் வெட்டுகிறவனுக்குக் கணினியில் அனுப்பிப் பார்த்திருக்கிறாள், அவனுடைய இயந்திரத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி எங்கேயோ என்று சிதறி வந்ததாம், கையால் பெரிதாக எழுதித் தந்தால் அதைப் பார்த்து வெட்டுவானாம். ஆள் இல்லாத இடத்தில் கல் வைப்பது எங்களில் வழக்கமா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை மகள். அந்தக் கண்ணாடியில் அவள் கை இருந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. ஓம் பிள்ளை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினால் எழுத்து கோணலாக வருகிறது, ஒரு பிள்ளையின் பெயரை எழுதத் தெரியாத தகப்பன்போல நாலைந்து தாள் கெடுத்தேன். அம்மா வேலையால் வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். என்ன இது என்று கேட்டாள், ஒளிக்காமல் சொன்னேன். சண்டை பிடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“தகப்பன்ரை பேர் இல்லாமல் பிள்ளையின்ரை பேரை என்னெண்டு எழுதுறது. தள்ளியிருங்கோ.”

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உங்கள் எல்லாருக்கும் கரும்பலகையில் எழுதின அதே எழுத்தில், குலசேகரம் சேந்தன் என்று ஒரே மூச்சில் எழுதினாள். எழுதி முடித்தும் பேனையைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு அழுதாள், நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவளே தொலைபேசி எடுத்து அவர்களை வரச் சொன்னாள். தாளைக் கரோலினாவின் கையில் கொடுத்து, கொம்பு எழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், விலகினால் வேறு பெயராகிவிடும், அவனுக்கு வடிவாகச் சொல்லு என்று விரலால் காட்டினாள். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை. கரோலினா போவது போவதுதான், ஆனி முடிவில் விமானம். சாருகாவுக்குத் தமிழ் மறந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறாள், எனக்கும் அந்தப் பயம் உண்டு. வீடு இனி என்ன சத்தத்தில் இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. கார்த்திகை முதலாம் திகதிக்கு நாங்கள் இரண்டு பேரும் குடான்ஸ்க் போவதாக முடிவு, உனக்கு லீவு கிடைத்தால் நேரே அங்கே வா, கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு முன் கரோலினாவைக் கூப்பிட்டுக் கதை. எழுதாதே, கதை. என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால் சாருகா சாப்பிட்டாளா என்று கேள், மற்றது தானாக வரும்.

இந்தக் கடிதத்தை மூடுமுன் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். தேவாலயத்தில் நீர் சொன்னதை வெட்டிவிடவா என்று கேட்டேன். வெட்ட வேண்டாம், நான் சொன்னதுதானே, கரோலினா அதைக் கேட்டும் எங்களோடு பஸ்ஸில் ஏறி வந்தவள், மயூராவுக்கு அது தெரிய வேணும் என்றாள்.

எங்கே இருந்தாலும் நீ மனநிறைவோடு நீண்டகாலம் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன் தலைமேல் இருக்கிறது. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ.

உன்னை நினைத்தபடி,
அப்பா
குலசேகரம்