உங்கள் முதல் தாரம்

இன்று அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தோடு உங்கள் பள்ளிக்கூடத்துக் கோட்டு முன்னால் வந்து நின்றது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. மற்ற உடுப்புகளையெல்லாம் கொடுத்துவிட்டேன். இதைக் கொடுக்கவும் மனமில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

காலையில் ஹம் நகரத்திலிருந்து உங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார். நீங்கள் எழுதி வைத்த பள்ளி வரலாற்றை அச்சிடப் போகிறார்களாம்.

"அக்கா, அண்ணையின்ர கொப்பியை அனுப்பி விடுங்கோ. அது பள்ளிக்கூடத்தின்ர சொத்தெல்லோ."

"என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கிறது எப்பிடித் தம்பி பள்ளிக்கூடத்தின்ர சொத்தாகும்?"

"கோவிக்காதேங்கோ. பள்ளிக்கூடம்தானே அண்ணைக்கு முதல் தாரம்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்தப் பகிடியை ஒவ்வோர் ஒன்றுகூடலிலும் கேட்டிருக்கிறேன். நீங்கள் ஒருநாளும் மறுத்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பாதிரிமார் கட்டிய அந்த ஆண்கள் விடுதிப் பள்ளிக்குள் நான் காலடி வைத்ததேயில்லை. ஆனாலும் முதல் அதிபர் கப்பலில் கொண்டுவந்த மணியும், சாப்பாட்டு மேசையில் தமிழ் பேசியவனை நின்றபடி சாப்பிட வைத்ததும் எனக்கு மனப்பாடம். ஜெர்மனியில் எங்கள் நொய்கெல்ன் வீட்டுக் குசினியில் நான் கறி கிளறக் கிளறச் சொல்லிக்கொண்டேயிருப்பீர்கள். "எங்கட கொன்வென்ற்றிலயும் மணி இருந்தது" என்று ஒருமுறை சொன்னேன். "ஓமோம், சின்ன மணியாக்கும்" என்றீர்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீங்கள் முதலில் ஜெர்மனிக்கு வந்துவிட, நான் ஊரில் விசாவுக்குக் காத்திருந்த மூன்று வருடமும் ஞாயிறு தவறாமல் எழுதினீர்கள். 'நான் சுகம். சாப்பாடு பரவாயில்லை. குளிர் அதிகம்.' நாலு வரியைத் தாண்டியதில்லை. அதே நாட்களில் லண்டனிலிருந்த விடுதிக் கூட்டாளிக்கு எட்டுப் பக்கம் எழுதினீர்களென்று பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டேன். அப்படி என்னதான் எழுதினீர்களென்று அவரிடம் கேட்க என் மானம் விடவில்லை.

பிழையோடு அச்சுக்குப் போகக்கூடாதே என்று இன்று கொப்பியை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். விடுதிப் பழக்கங்கள் பற்றிய அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள்: 'ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் மேற்பார்வையாளரிடம் கொடுக்கவேண்டும். அவர் உரத்து வாசித்துச் சிரிப்பார். பள்ளியை விட்ட பிறகும் வீட்டுக்கு மனம் திறந்து எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருத்தி ஊரில் காத்திருந்தபோதும் வரவில்லை. அவளைப் பற்றிக் கூட்டாளிக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன்.'

இரண்டு முறை வாசித்தேன். அவளிடமே சொல்லியிருக்கலாமே என்ற கோபம் தீரவில்லை. தீரவேண்டுமென்றும் இல்லை.

கொப்பியை நாளை தபாலில் போடுவேன், அந்த ஒரு தாள் இல்லாமல். கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்துவிட்டேன். பக்கம் குறைகிறதென்று தலைவர் கேட்டால், ஓம், குறைகிறதுதான் என்பேன். அது என் கைப்பையில், காப்புறுதி அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்குப் போனாலும் வைத்தியரிடம் போனாலும் இனிக் கூடவே வரும்.