நீலப் பீப்பாயில் ஒட்டியிருந்த தாள்

அட்டன்,
17.06.1984, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருப்பாராக. பக்கத்து வீட்டு டோரீனின் கணவர் இன்றைய ரயிலில் கொழும்புக்கு வருகிறார். தபாலை நம்பாமல் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நின்றபடியே வாசித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லிப்போன எதையும் நான் விடவில்லை. கடைக்குத் துணிப்பைதான். காய்கறித் தோல் குழிக்கு, அரிசி கழுவிய தண்ணீர் போஞ்சிக் கொடிக்கு. டவுனில் ஒரு அறையும் குசினியும் வைத்துக்கொண்டு காடு வளர்க்கிறாயா என்று டோரீன் கேலி செய்கிறாள். பூமியைப் பழுதாக்காமல் வாழ டவுன்காரருக்கும் முடியும் என்று நீங்கள் சொல்வதையே அவளுக்கும் சொல்வேன்.

மழையில் பைப்பில் சேறுதான் வருகிறது. அதனால் மூன்று வாரமாக, நீங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த நீலப் பீப்பாயில் கூரைத் தண்ணீர் பிடித்து, அதில்தான் சமைப்பதும் குடிப்பதும். போஞ்சிக்கும் அதையே ஊற்றினேன். இலையெல்லாம் கருகிவிட்டது. குளிர் என்று நினைத்தேன்.

நேற்று என் சித்தப்பா மகன் வீரய்யா வந்தான். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன். பீப்பாயைப் பார்த்ததும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, இது புல்லு கருக அடிக்கிற மருந்து வந்த பீப்பாயி. வெறும் பீப்பாயக்கூட ஓட்ட போட்டுப் பொதைக்கச் சொல்லுவாங்க. இதுலயா குடிக்கிறீங்க?"

என்ன மருந்து என்று கேட்டேன். இதே நீலத்தில் மூன்று விதம் வருமாம். ஒட்டியிருந்த தாளைப் பார்த்தால்தான் தெரியுமாம்.

இன்று கோயிலுக்குப் போகாமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்கிறது என்றார்கள். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து அசைவு குறைவு, அத்தான். ஏழு மாதம். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் மேற்கொண்டு செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பீப்பாய் இன்னும் நிரம்பித்தான் நிற்கிறது. கீழே ஓடையில் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் குளிக்கிறார்கள், எங்கே கொட்டுவது?

உங்கள் மேல் கோபம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் சாம்பல் போட்டு மூன்று தரம் நீங்கள் கழுவியபோது தண்ணீர் ஊற்றிக்கொடுத்தவள் நான். வெளுத்ததெல்லாம் பால் என்று இரண்டு பேரும்தான் நம்பினோம்.

அந்தத் தாளை நனைத்து, கிழியாமல் உரித்து, பின்பக்கம் எழுத உதவும் என்று காயவைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கடிதங்களையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் பின்னால் காலண்டர், ஒன்றின் பின்னால் வினாத்தாள். அது இல்லை. பெட்டியில் தேடுங்கள், புத்தகங்களுக்குள் தேடுங்கள். வேறு யாருக்காவது அதில் எழுதியிருந்தால் ஓடிப்போய்க் கேளுங்கள். பெயரைத் தந்தி அடியுங்கள்.

எதையும் வீசாத மனிதர் நீங்கள். கர்த்தர் கிருபையால் அதையும் வீசியிருக்கமாட்டீர்கள்.

தந்திக்காரன் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
உங்கள் சுகிர்தம்.