அம்மாவின் வாயில் வேறொருத்தி

ஓகஸ்ட் 2, வெள்ளி

நாளைக்குப் படம். சந்தையில் அம்மாவிடம் மீன் வாங்கிய சனம் முழுவதற்கும் அழைப்பு. கூறு மீனோடு அழைப்பு இலவசம்.

பாட்டுக் கோஷ்டி ஒன்று பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி வைக்கும் சிரிப்புப் படமாம். போன வருடம் குருநகரில் எடுத்தபோது, பஸ்ஸை மறித்துப் பாடும் மீன்காரியாக அம்மாவைப் பிடித்தார்கள். "அக்கா, உங்கடை குரல்தான் படத்தின்ரை உயிர்" என்றாராம் இயக்குநர். அன்றிலிருந்து அம்மா எங்கள் உயிரை எடுக்கிறார்.

ஓகஸ்ட் 3, சனி

சிரிப்புப் படமாம்! பஸ் பழுதாகும், எல்லோரும் விழுவார்கள், பஸ் மறுபடி பழுதாகும். இசைப் பயணத்தில் இசை சாவகச்சேரியிலேயே இறங்கிவிட்டது. பயணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அதை விடுவோம். அம்மா திரையில் வந்தார். விசிலடிக்க விரலை வாய்க்குள் வைத்தேன். அம்மா வாயைத் திறந்தார் — உள்ளேயிருந்து வேறு யாரோ பாடினாள். சீனிப்பாகுக் குரல்.

பக்கத்து வீட்டுப் பெர்னதெத் மாமி திரும்பினார். "உது உன்ரை குரல் இல்லையே, மார்கிரட்?"

"அப்ப எனக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்றார் அம்மா.

தடிமன்!

ஓகஸ்ட் 4, ஞாயிறு

பூசையில் அம்மா பாடவில்லை. முன்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தார்.

ஓகஸ்ட் 7, புதன்

இயக்குநருக்குப் போன் எடுத்தேன்.

"அம்மாவின்ரை குரல் கொஞ்சம் கரடு, தங்கச்சி. வெளிநாட்டிலை எடுபடாது."

"உங்கடை படம் உள்நாட்டிலையே எடுபடேல்லையே, அண்ணை."

வைத்துவிட்டார். வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் நாள் முழுக்கச் சிரிப்பேன். வீட்டில் மீன் வெட்டும்போதுகூடப் பாட்டில்லை, கத்திச் சத்தம்தான். அம்மாவின் செருப்பை ஒளித்து வைத்தேன், ஏசக்கூட இல்லை. இப்படியே இருந்திடுவாவோ? என்ன செய்யிறது?

ஓகஸ்ட் 10, சனி

வாசிகசாலைத் திடலில் அதே படம், இலவசமாக. இலவசமென்றாலும் நட்டம். வரமாட்டேன் என்ற அம்மாவை அப்பா கச்சான் கடலை ஆசை காட்டி இழுத்து வந்தார். கடைசி வரிசை. நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் — தற்செயலாகத்தான்.

அம்மா திரையில் வந்தார். அந்தச் சீனிப்பாகுக் குரல்காரி பாட்டின் முதல் வரியை முடித்ததும் காலால் வயரை இழுத்தேன்.

சத்தம் செத்தது. திரையில் அம்மா கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். சனம் கூவியது. ஐயோ, இதையா நினைச்சனான்? அவளின்ரை குரல் நிண்டாப் போதும் எண்டுதானே — இப்ப எல்லாரும் அம்மாவைப் பாத்துச் சிரிக்கினம். வயரைத் திரும்பச் செருகப் போனேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கரடுக் குரல் எழுந்தது. திரையில் உதடு அசைய அசைய, ஒரு சொல்கூடப் பிந்தாமல். கூவிய சனம் அடங்கிவிட்டது.

வயரைக் கீழே விட்டேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் அம்மா அகப்பையோடு வந்தார்.

"எடியே, வயரை இழுத்தது நீதானே?"

"ஓம்."

முதுகில் ஒன்று விழுந்தது.

"அடுத்தமுறை பாட்டுத் தொடங்க முன்னம் இழு. முதல் வரியை அவளெல்லோ பாடிப்போட்டாள்."