புள்ளி விழாத அட்டை

இரண்டாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று நேற்று சிவப்பு டப்பாவை எடுத்துத் திறந்தேன். அட்டைகளில் இன்னும் தனாக்கா வாசம் இருக்கிறது. கன்னத்தில் அந்தப் பர்மிய மரப்பட்டைக் குழம்பைப் பூசிய கையைக் கழுவாமலேயே அட்டை எழுதுவாய். மூலைகளில் உன் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஜப்பானிய மொழியில், இரண்டாம் நிலைக்கு ஒரு படி கீழே இருக்கும் மூன்றாம் நிலைக்கு நாம் சேர்ந்து படித்தோம். அந்தக் கட்டத்தின் தொல்லை நமக்குத் தெரியும்: கான்ஜி என்ற சித்திர எழுத்தைப் பார்த்ததும் அர்த்தம் வந்துவிடும், வாயைத் திறந்தால் ஓசை வராது. உனக்கு அர்த்தம் போதும். "ஆளு, பக்கத்துல மரம். சாஞ்சு படுத்துட்டான், அப்ப ஓய்வு," என்று கதை கட்டிவிடுவாய். வகுப்பெடுத்த செயாமாவோ வாசித்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார். தேறினால் உனக்கு ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு அப்படி அவசரம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் இரண்டு டப்பாக்கள். தெரியாத சொற்கள் சிவப்பில், தெரிந்தவை நீலத்தில். ஒருத்தி வாசித்தால் மற்றவள் அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு புள்ளி விழுந்த அட்டைதான் நீலத்துக்குப் போகும். புதிய சொல் எதிர்ப்பட்டால், தெரிந்தவள் வாய் திறக்கக் கூடாது. தெரியாதவள் வீட்டில் அகராதி பார்த்து அடுத்த வாரம் வர வேண்டும். இந்த விதியெல்லாம் நான் போட்டது.

"ஒங்க தாத்தா ரயில்ல டிக்கெட் செக்கர்ல்ல, அந்த ரத்தம்டி ஒனக்கு," என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை இன்சீனில் என் வீட்டுக்கு வருவாய். திரும்பும்போது நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நானும் உன்னோடு நீ இறங்கும் லான்மடாவ் வரை வருவேன். ஜப்பானில் ஓடி முடித்து நம் ஊருக்கு வந்த பெட்டிகள் அவை. கதவிலும் ஜன்னலிலும் ஒட்டிய அறிவிப்புகளை யாரும் கிழிக்கவில்லை. நமக்கு அவை செலவில்லாத பாடப் புத்தகம்.

அந்தக் கடைசி ஞாயிறு உனக்குக் காய்ச்சல். பாதம் வீங்கிச் செருப்பு வார் அழுந்தியிருந்தது. "ரெண்டு நாள்ல சரியாயிரும்," என்று மூலை இருக்கையில் உட்கார்ந்தாய். தலைக்கு மேலே மூன்று எழுத்துகள். பக்கத்திலிருந்த படம் உரிந்துபோயிருந்தது. அண்ணாந்து பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டாய்.

"மொத எழுத்துல ஆள் நிக்கிறான், நடுவுல மனசு இருக்கு. அதுக்கு மேல ஓடல. சொல்லேன்டி."

"வீட்ல போய்ப் பாரு," என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. யூசென்செக்கி. முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் விடவேண்டிய இருக்கை.

அடுத்த நிறுத்தத்தில் காய்கறிக் கூடைகளோடு ஒரு அம்மா ஏறினார். நம் இருவரையும் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய உடம்பு அவருக்கு. நீ எழுந்து இடம் கொடுத்தாய். எழுந்திருக்காதே, இது உனக்குத்தான் என்று எழுதியிருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விடை வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். லான்மடாவ் வரை நின்றே வந்தாய்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. சிறுநீரகம் என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் உங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன், நீ இல்லை. உன் தங்கை இரண்டு டப்பாக்களையும் கொண்டுவந்து, "அக்கா, இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். ரயிலில் நீ உட்கார்ந்தே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அது பதில் ஆகாது.

பிறகு நான் மட்டும் தேர்வு எழுதினேன், தேறினேன். சிவப்பு டப்பாவைத் தொடவே இல்லை. நேற்றுதான் அந்த அட்டையைக் கண்டேன். முன்பக்கம் மூன்று எழுத்துகள், புள்ளி எதுவும் இல்லை. திருப்பினேன். விடையைச் சரியாக எழுதி வைத்திருக்கிறாய், அர்த்தத்தோடு. அதன் கீழே, தமிழை எப்போதும் பர்மிய எழுத்தில் எழுதுவாயே, அப்படி ஒரு வரி.

"தெரிஞ்சும் சொல்லலேல்ல, செக்கர் பேத்தி?"

ஆமாம். எழுத்தும் தெரிந்திருந்தது, உன் காய்ச்சலும் தெரிந்திருந்தது. அட்டையை நீல டப்பாவில் போடவில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன்.