ஸ்ரீராம்புரம் ஜிம்மியை நாய்வண்டியில் ஏற்ற வேண்டாம்

அனுப்புநர்:
ஆ. யசோதா,
ஆறாவது குறுக்குத் தெரு, ஸ்ரீராம்புரம், பெங்களூர்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
மாநகராட்சி வட்டார அலுவலகம், பெங்களூர்.

பொருள்: அம்மை குத்தும் ஊழியரைக் கடித்ததற்காகப் பிடிக்க உத்தரவான நாய்க்குட்டியை விட்டுவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிப்பீர்கள் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன்.

1. தங்கள் ஊழியர் திரு. கிருஷ்ணப்பா எங்கள் தெருவில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று, நான் ஒன்றைச் சொல்லவில்லை. என் வீட்டில் வளரும் ஜிம்மிக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் தெருப் பிள்ளைகளே. அவர்கள் அப்போது என் புடவைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள்.

2. ஜிம்மிக்கு எட்டு மாதம். பல் முளைக்கும் பருவம் போய்விட்டது. வாயால் கவ்வி விளையாடும் வழக்கம் போகவில்லை. அம்மை குத்துபவர் தெருமுனையில் தெரிந்ததும் பிள்ளைகள், "குத்துறவரு வந்துட்டாரு, புடிடா ஜிம்மி!" என்பார்கள். அவர் பின்வாங்கினால் அதற்குப் பன் ரொட்டி கிடைக்கும். பை மாட்டிய எவர் காலையும் கவ்வுவது தன் வேலை என்று அது நம்பிவிட்டது. அன்று ஊழியரின் கால்சட்டை கிழிந்தது; தோலில் பல் இறங்கவில்லை.

3. வரும் திங்களன்று ஜிம்மியைப் பிடிக்க நாய்வண்டி வரும் என்ற உத்தரவைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். உடனே எதிர்வீட்டு லட்சுமம்மாவின் மகள் சந்திரா, "அக்கா, நாங்க குத்திக்கறோம். ஜிம்மிய விட்டுடச் சொல்லுங்க" என்றாள். அம்மை குத்துபவர் வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்பவள் அவள்.

4. கடிக்கும் வழக்கத்தை நிறுத்த நூலகத்துப் புத்தகங்கள் மூக்கில் தட்டச் சொல்லின. தட்டினேன்; அதையும் விளையாட்டென்று எண்ணித் துள்ளிக் கடித்தது. ஓடினால் துரத்தியது. பலித்தது இதுதான்: பல் பட்டதுமே கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது விட்டுவிட்டு உட்கார்ந்தால் பன். எங்கள் தெருவைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா! பால்காரர், கைவண்டிக்காரர், எல்லோரும் சுவரைப் பார்த்தபடி! மில்லில் வேலை செய்யும் திரு. ஆதிகேசவன் தினமும் பையை மாட்டிக்கொண்டு அம்மை குத்துபவராக நடித்தார். முதல் நாள் அவர் வேட்டியும் கிழிந்தது. நேற்று ஜிம்மி அவரை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது! தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன், வெளியில் நான் அப்படிச் செய்கிறவள் அல்ல.

5. ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, கிருஷ்ணப்பா அவர்களை மறுபடி அனுப்பிச் சோதிக்குமாறு வேண்டுகிறேன். ஜிம்மியின் கழுத்தில் லைசென்ஸ் வில்லை வாங்கிக் கட்டுவதும், அவர் வரும்போது கயிற்றைப் பிடித்திருப்பதும் என் பொறுப்பு. அவர் ஓடாமல் நின்றால் போதும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஜிம்மி பிழைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஸ்ரீராம்புரம்,
7-11-1957.

தங்கள் பதிலுக்குத் தெருவோடு காத்திருக்கும்,
ஆ. யசோதா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கும் முன்பே, இன்று மாலை, கிருஷ்ணப்பா அவர்கள் வந்துவிட்டார். ஜிம்மி என் காலடியில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அம்மை குத்திக்கொண்டார்கள். அவருடைய அறிக்கையில் இன்றும் ஒரு கடி இருக்கும். அது ஜிம்மி கடித்ததன்று. பக்கத்து வீட்டு டோரீன் அவர்களின் மூன்று வயது மகன் நோயல், கையை நீட்டச் சொன்னதும் கிருஷ்ணப்பா அவர்களின் கட்டைவிரலைக் கடித்துவிட்டான்.