தெற்குச் சுவர்

மார்ச் 4

நான் மாதாமாதம் வங்கிக்குப் போய் நகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வருவதாக மருமகள் தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். தவறு. என் பெட்டகத்தில் நகை இல்லை. எதுவுமே இல்லை. அந்த வங்கிக் கட்டடம் முன்பு என் வீடாக இருந்தது. பெட்டக அறைதான் எங்கள் படுக்கையறை. பெட்டகம் வைத்திருப்பவர்களைத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே வைத்திருக்கிறேன்.

மார்ச் 11

போனேன். கூடத்துத் தேக்குத் தூண்களுக்குப் பச்சைப் பெயிண்ட். சாப்பாட்டறையில் கடன் பிரிவு. பொருத்தம்தான், அங்கே உண்டவர்களில் பாதிப்பேர் திரும்ப எங்களை அழைக்காதவர்கள். பெட்டக அறைக் கதவில் இன்னும் ‘பாதுகாப்பு பெட்டகம்’. நடுவே ‘ப்’ வேண்டுமென்று இரண்டு மேனேஜர்களிடம் சொல்லியாயிற்று.

“எல்லாம் பத்திரமா இருக்காம்மா?” என்றார் காவலாளி. இருக்கிறது என்றேன். நான் சொன்னது தெற்குச் சுவரை.

என் கணவர் போன பிறகு மகன் வீட்டை வங்கிக்கு விற்றபோது நான் கேட்டது ஒன்றுதான்: தெற்குச் சுவரிலிருந்த ஜன்னலைப் பெயர்க்கக் கூடாது. கட்டிலை அதன் அருகில்தான் போட்டிருந்தோம். படுக்கையில் விழுந்து அவருக்குப் பேச்சு நின்றபின் ஜன்னல் கதவை விரலால் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். வங்கியின் எஞ்சினியர் வாக்குக் கொடுத்தார்: “ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு மூடிடறோம்மா. ஜன்னல் உள்ளயே இருக்கும்.”

அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருவேன். சில நாள் தட்டுவேன்.

மார்ச் 12

மழை. முழங்கால் வலி.

ஏப்ரல் 2

பெட்டகங்கள் மாடிக்குப் போகின்றனவாம். தெற்குச் சுவரை உடைத்துத் தெருப் பக்கமாக ஏடிஎம் வைக்கிறார்கள். உள்ளே ஜன்னல் இருக்கிறது, மெல்ல உடையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் பெண் சரியென்றாள்.

மகன் சிரித்தான். “அத வச்சு என்னம்மா பண்ணப் போறே? இந்த ஃபிளாட்ல அதுக்குச் சுவர் ஏது?”

கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பேன். வேறென்ன?

ஏப்ரல் 9

உடைத்தார்கள். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. ஒரு செங்கல். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னாலும். மேஸ்திரி கையை விட்டுத் துழாவினார்.

“ஒண்ணுமில்லம்மா. முழுக்கச் செங்கல்தான். மூடும்போதே எடுத்துட்டாங்க போல.”

பிறகு ஓட்டை விழுந்து வெளிச்சம் வந்தது. தெருவில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

அப்ப இத்தனை வருஷமா நான் எதைத் தட்டிட்டு இருந்தேன்? யாருக்குக் கேட்டுது?

காவலாளி தண்ணீர் கொடுத்தார். பத்திரமா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 10

பெட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மருமகளும் வந்தாள். திறந்ததும் குனிந்து பார்த்தாள், கையை விட்டும் பார்த்தாள். பிறகு வீடு வரும் வரை என் கையை விடவில்லை. நானும் உதறவில்லை.

மேனேஜருக்கு எழுதிக் கொடுத்ததன் நகல்:

ஜன்னல் எனக்கு வேண்டாம். நஷ்டஈடும் வேண்டாம். அது எந்தத் தேதியில் அகற்றப்பட்டது என்று மட்டும் தெரிய வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.